தங்க ஏகே: நம்ம சர்வர் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்துப் பசங்களுக்காக, இரண்டு அணி மோதும் துப்பாக்கிச் சண்டை கேமான கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-க்கு ஆன்லைன் சர்வர் நடத்திவரும் அட்மின் அண்ணன்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து நம்ம சர்வரில் தங்க ஏகே, அதாவது தங்க நிற ஏகே-47 துப்பாக்கிப் பரிசு, ஓடிக்கொண்டிருக்கிறது. சாகாமல் ஏழு கில் எடுத்தால், அதாவது எதிரணியில் ஏழு பேரைச் சாய்த்தால், கைக்கு வந்துவிடும். டேமேஜ் (ஒரு குண்டு குறைக்கும் உயிர்) சாதா ஏகேயைப் போல இரண்டு மடங்கு. வாங்கியவன் செத்தாலும் அடுத்த ரவுண்டில் திரும்பக் கையில் இருக்கும், மேப் (ஆடும் களம்) மாறும்வரை. இதற்கு மேல் ‘ஆடி ஆஃபர்’ வேறு: மாதம் 99 ரூபாய் கட்டும் விஐபிக்கு நான்கே கில்லில் கிடைக்கும். ஜவுளிக்கடைதான் ஆடித் தள்ளுபடி போடும் என்று நினைத்திருந்தேன்.

துப்பாக்கியைத் தூக்கிவிடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. தங்க நிறத்தில் ஏகே வந்து விழும்போது எனக்கும் குஷியாகத்தான் இருக்கிறது. அதன் கணக்குதான் சரியில்லை.

ஏகேயின் ஒரு குண்டுக்கு அடிப்படை டேமேஜ் 36. ஆர்மர் (கவசம்) போட்டவன் நெஞ்சில் பட்டால் அதில் ஏறத்தாழ 28தான் இறங்கும். அவனுடைய நூறு ஹெல்த் (உயிர்ப் புள்ளி) காலியாக நான்கு குண்டு வேண்டும். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே சுமார் 0.1 வினாடி. ஆக முதல் குண்டு பட்டதிலிருந்து ஆள் விழும்வரை 0.3 வினாடி. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் மொத்த ஆட்டமும் அதற்குள்தான் நடக்கிறது. அடிபட்டவன் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்குவதும், திரும்பி ஒரு குண்டாவது போடுவதும் அந்த இடைவெளியில்தான். கண் பார்த்துக் கை அசையவே நமக்கு 0.2 வினாடி ஆகிவிடும். தங்க ஏகேயில் அதே நெஞ்சுக்கு இரண்டு குண்டு போதும், அதாவது 0.1 வினாடி. எதிராளி எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் அதற்குள் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்காட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு 120 பிங்கில் (சர்வருக்குத் தகவல் போய் வர 0.12 வினாடி) ஆடும் பையனுக்கு, அடிபட்டதும் செத்ததும் ஒரே செய்தியாகத்தான் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது. சாதா ஏகேயிலேயே தலையில் பட்டால் ஹெல்மெட் போட்டவனும் ஒரே குண்டில் அவுட். அப்படியானால் தலையைக் குறிவைத்து ஆடுகிறவனுக்குத் தங்க ஏகேயால் என்ன லாபம்? ஒன்றுமில்லை. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே கண்ணை மூடிக்கொண்டு குண்டைத் தெளிப்பவனுக்குத்தான் கொண்டாட்டம். நன்றாகச் சுட்டதற்கு என்று ஒரு பரிசைக் கொடுத்து, இனிமேல் நன்றாகச் சுடத் தேவையில்லை என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

போன வாரம் டஸ்ட் 2 என்ற மேப் ஓடியது. நாகலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். மைக்கைத் திறந்தால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம்தான் முதலில் கேட்கும், அப்புறம்தான் அவன் குரல். அவன் பாம் வைக்க வேண்டிய டெரரிஸ்ட் பக்கம். பாம் வைக்கும் இடங்களில் ஒன்றான பி சைட்டுக்குப் போகும் டனலின் வாயில் எதிரணியில் ஒருத்தர் தங்க ஏகேயோடு உட்கார்ந்துவிட்டார். பையன் கண்ணைக் கூச வைக்கும் ஃபிளாஷ் போட்டு நுழைந்தான், விழுந்தான். அடுத்த ரவுண்டில் ஸ்மோக் போட்டான், புகைக்குள் தெளித்ததிலேயே விழுந்தான். அதற்கடுத்த ரவுண்டில் டனல் பக்கமே போகாமல் மிடில் வழியாக வந்தான். அதற்குள் அவர் நகர்ந்து மிடில் டோருக்கு வந்திருந்தார். பையன் செய்த மூன்றும் சரியான ஆட்டம், மூன்றுக்கும் ஒரே பதில். “அண்ணா, கரண்ட் போற மாதிரி இருக்கு, அப்புறம் வர்றேன்” என்று கிளம்பினான். மைக்கில் டிவி சத்தம் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ராத்திரி பதினொன்றரைக்குக்கூட இடம் கிடைக்காத சர்வரில் இப்போது பத்தரைக்கே பாட் (கம்ப்யூட்டரே ஆடும் ஆள்) போட்டு ஆள் நிரப்ப வேண்டியிருப்பது உங்களுக்கும் தெரியும்.

பெரிய கம்பெனிகளும் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவைதான். 2009-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏழு கில்லுக்கு ஹாரியர் விமானம், அது எடுக்கும் கில்லும் கணக்கில் சேர்ந்து பதினொன்றுக்கு ஹெலிகாப்டர், அது எடுப்பதும் சேர்ந்து இருபத்தைந்துக்கு அணுகுண்டு, அத்தோடு மேட்சே முடிந்துவிடும். முதல் ஏழை மட்டும் கையால் எடுத்தால் மீதியை இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். மறு வருடம் வந்த பிளாக் ஆப்ஸில், பரிசு ஆயுதம் எடுக்கும் கில் அடுத்த பரிசுக்குச் சேராது என்று ஆக்கினார்கள். 2012-இல் பிளாக் ஆப்ஸ் 2 வந்தபோது கில்லை எண்ணுவதையே விட்டுவிட்டு, இடத்தைப் பிடிப்பது, கொடி தூக்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்கோர் வைத்தார்கள்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கின் புதிய பதிப்புகளிலேயே பாருங்கள். ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கியின் விலை ஆட்டக் காசில் 4,750 டாலர், ஆனால் அதில் ஒரு கில் எடுத்தால் 100 டாலர்தான். ஏகேயில் எடுத்தால் 300. பலமான ஆயுதம் வைத்திருப்பவனுக்குச் சம்பாத்தியம் குறைவு. தோற்ற அணிக்கோ 1,400 டாலரில் தொடங்கி, தோற்கத் தோற்க 3,400 வரை ஏற்றிக் கொடுப்பார்கள், அவர்களும் நாலு ரவுண்டு கழித்துத் துப்பாக்கி வாங்கி எழுந்து நிற்கட்டும் என்று. 2022 நவம்பரில் ஏடபிள்யூபியின் மேகசினைப் பத்துக் குண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். டேமேஜில் கை வைக்கவில்லை. ஒரே குண்டில் சாய்க்கும் அந்தக் கெத்து அப்படியே இருக்கிறது, தவறவிட்டால்தான் விலை கூடிவிட்டது. பப்ஜியில் விமானம் போட்டுவிட்டுப் போகும் ஏர் டிராப் பெட்டியும் கிட்டத்தட்ட இந்த வகைதான். அதிலிருக்கும் ஏடபிள்யூஎம் ஸ்னைப்பர் வேண்டுமா, புகை கிளம்பும் இடத்துக்கு எல்லாரும் பார்க்க ஓடு.

நான் கேட்பதும் இதே மாதிரிதான். தங்க ஏகேயின் டேமேஜை 1.25 மடங்காக்குங்கள். கிட்டத்தில் நெஞ்சுக்கு மூன்று குண்டு ஆகும், டஸ்ட் 2-இன் லாங் மாதிரி நீளமான வழியில், தூரத்தில் டேமேஜ் குறைவதால், பழையபடி நான்கு. வைத்திருப்பவனுக்குச் சாதகம் இருக்கும், எதிரில் நிற்பவனுக்கும் மூச்சு விட நேரம் இருக்கும். அப்புறம், ஒரே மேகசின், முப்பது குண்டு, தீர்ந்தால் துப்பாக்கியும் போச்சு. செத்தாலும் போச்சு. முப்பதுதான் என்று தெரிந்தால் யாரும் புகைக்குள் சும்மா தெளிக்க மாட்டார்கள். அதில் எடுக்கும் கில் அடுத்த தங்க ஏகேக்குச் சேரவே கூடாது. பாம் வைத்தால் இரண்டு கில், அதை டிஃப்யூஸ் செய்தால் (செயலிழக்க வைத்தால்) மூன்று கில் என்று கணக்கில் சேருங்கள். அப்போது கில் எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொண்டு மூலையில் உட்காருகிறவர்கள் எழுந்து சைட்டுக்குப் போவார்கள். யார் கையில் இருக்கிறது என்று இரண்டு அணிக்கும் திரையில் பெயர் வரட்டும். அவரைச் சாய்ப்பவருக்கு ஆயிரம் டாலர் போடுங்கள், வேட்டை களைகட்டும்.

“நல்லா ஆடுறவனுக்கு மரியாதை இல்லைன்னா அவன் ஏன் வரப்போறான்?” என்று உங்களில் ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் மரியாதையை டேமேஜில்தான் காட்ட வேண்டுமா? 2013-லிருந்து கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஸ்கின் (ஆயுதத்துக்கான அலங்காரத் தோற்றம்) இருக்கிறது. ஒரு புள்ளி டேமேஜ்கூட அதனால் அதிகமாகாது. இருந்தும் ஒரு கத்தி ஸ்கின்னுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நம்ம ஊரிலும் கௌரவத்துக்குக் குறைச்சல் இல்லை. நம்ம குகைப் பகுதியின் ஆடித் திருவிழாவில், அலங்கார வண்டிகள் வலம் வரும் வண்டி வேடிக்கையில் பரிசு வாங்கிய வண்டியை ஊரே அடுத்த ஆடிவரை பேசுகிறது, அதற்காக அந்த வண்டிக்கு அடுத்த வருடம் கூடுதல் மார்க் போட்டா ஆரம்பிக்கிறார்கள்? வாரத்தில் அதிகம் ஜெயித்தவர் அடுத்த மேப்பைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர் பெயர் சாட்டில் தங்க நிறத்தில் வரட்டும்.

தங்க ஏகேயைக் கொண்டுவரும் பிளக்இன்னின் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் புரோகிராம்) கான்ஃபிக் ஃபைலில் டேமேஜை மாற்றுவது ஒரே வரி. குண்டுக் கணக்குக்கும் பாம் கணக்குக்கும் கொஞ்சம் கோட் எழுத வேண்டியிருக்கும், அம்மாப்பேட்டையில் அது தெரிந்த தம்பிகள் இரண்டு பேர் செய்து தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த ஞாயிறு ராத்திரி முதலில் 1.25-ஐ மட்டும் வைத்து டஸ்ட் 2 ஓட்டிப் பாருங்கள். மீதியை அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம். 99 ரூபாய் கட்டியவர்களுக்குக் காசைத் திருப்பித் தருவதா, வேறு ஏதாவது கொடுத்துச் சமாதானம் செய்வதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து உங்கள் பழைய ஆட்டக்காரன்