சேமநல நிதி: எந்த மேசையில் நிற்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வழக்கறிஞர்களாகிய நாங்கள் வக்காலத்து (கட்சிக்காரருக்காக வாதாட அனுமதிக்கும் பத்திரம்) தாக்கல் செய்யும்போதெல்லாம் வழக்கறிஞர் சேமநல நிதிக்கான வில்லையை (ஸ்டாம்ப்) ஒட்டுகிறோம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பணத்திலிருந்துதான் இறந்துபோன வழக்கறிஞரின் குடும்பத்துக்கு உதவித்தொகை தருகிறார்கள். 7 லட்சம் ரூபாயாக இருந்த அந்தத் தொகையைத் தமிழக அரசு 10 லட்சமாக உயர்த்தியது, நல்ல விஷயம்தான். ஆனால் கணவரை இழந்த பெண் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் அலைந்து வாங்கி விண்ணப்பித்துவிட்டு, அப்புறம் அது எந்த மேசையில் நிற்கிறது, வரிசையில் தனக்கு முன்னால் எத்தனை பேர், பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பார் கவுன்சிலுக்கு (வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) ஒரு வேண்டுகோள்: விண்ணப்ப வரிசையைத் தேதியோடு இணையத்திலும் நீதிமன்ற வளாகப் பலகையிலும் மாதாமாதம் போடுங்கள். பெயர்கூட வேண்டாம், விண்ணப்ப எண் போதும்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், புதிதாகச் சேரும் வழக்கறிஞர்களிடம் பதிவுக் கட்டணத்தைச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125) வாங்கக் கூடாது என்றது. அதனால் பார் கவுன்சில்களுக்கு வருமானம் குறையும், சரி. நலத்திட்டங்களுக்குக் கை கடிக்கிறது என்றால் வரவு செலவை உறுப்பினர்களிடம் காட்டிப் பேசலாமே, பணம் கொடுப்பது நாங்கள்தானே. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 6-வது பிரிவு எங்கள் நலனைக் காப்பதையும் பார் கவுன்சிலின் கடமையாகத்தான் சொல்கிறது.

- ஒரு வழக்கறிஞர், திருநெல்வேலி