பூட்டிய பார்க்கும் உங்கள் பேரனும்

கிளீவ்லாந்து, ஒஹாயோ
ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில் ஒன்று கேட்டீர்கள். "ஏரி உறைந்து கிடக்கிறது என்கிறாய், பார்க்கைப் பூட்டிவிட்டார்கள் என்கிறாய், அப்புறம் பேரன் எதற்கு எந்நேரமும் அதையே பேசுகிறான்?" என்று. அவசரமாகப் போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவன் பேசுகிற அந்தக் கேளிக்கைப் பூங்கா, சீடர் பாயிண்ட், எங்கள் வீட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம். சாண்டஸ்கி என்ற ஊரில், ஈரி ஏரிக்குள் நீண்டு போகும் நிலத்தின் மேல், 1870-லிருந்து இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் மூடினால் மே மாதம்தான் திறப்பார்கள். இங்கே தியாகராஜ ஆராதனை நடக்கிற ஏப்ரலில்கூட குளிர் முழுதாக விட்டிருக்காது. ஆக, பாதி வருஷம் வாசலில் ஓர் ஈ காக்கை இருக்காது. ஆனால் அடுத்த கோடைக்கான சீசன் பாஸை அந்த மாதங்களிலும் விற்றாக வேண்டும். மக்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு இருக்கும் பெரிய வழி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம்தான்.

வெறும் விளம்பரம் என்றால் இவன் ஒரு வாரத்தில் சலித்துப்போயிருப்பான். அவர்கள் வேலையைக் காட்டுகிறார்கள். குளிர்காலத்தில் ரோலர் கோஸ்டர் பெட்டிகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பொன்மலையில் நீங்கள் இன்ஜினை ஓவர்ஹால் செய்த மாதிரி, அக்கு அக்காகக் கழற்றிச் சோதித்துத் திரும்ப மாட்டுவார்கள். அதையெல்லாம் படமெடுத்துப் போட்டால், கீழே கேள்விகள் குவிகின்றன. சக்கரம் எதனால் ஆனது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று பத்து வயதுப் பையனும் கேட்கிறான், ஓய்வுபெற்ற மெக்கானிக்கும் கேட்கிறார். இந்தக் கூட்டத்தில்தான் உங்கள் பேரன் இருக்கிறான்.

பூங்காவின் செய்தித் தொடர்பாளராகப் பல வருஷம் இருந்தவர் டோனி கிளார்க். புதுச் சவாரி வரப்போகிறது என்றால் நேராகச் சொல்லமாட்டார், ட்விட்டரில் ஒரு குறிப்பு மட்டும் போடுவார். ரசிகர்கள் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 1991-லிருந்து ஓடிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரை 2016 செப்டம்பரில் நிறுத்தினார்கள். இடிக்கப்போகிறார்களா, மாற்றப்போகிறார்களா என்று வாயே திறக்கவில்லை. மறு வருஷம் மர்மமான ஒரு சின்ன வீடியோ வந்தது. அப்புறம் அதே மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தண்டவாளம் ஏறி, 2018 மே மாதம் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்று திறந்தது. 205 அடி உயரம். அது திறப்பதற்குள் ரசிகர்கள் அதை மனதளவில் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். காத்திருப்பதையே ஒரு கேளிக்கையாக மாற்றுகிற இந்த வித்தை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு நாம் காசு கொடுக்கவில்லை பாருங்கள்.

ஆனால் என்னை யோசிக்கவைத்தது வேறு. 2003-ல் வந்த டாப் திரில் டிராக்ஸ்டர் என்ற ரோலர் கோஸ்டர் 420 அடி உயரம். 2021 ஆகஸ்டில் அதிலிருந்து கழன்ற ஒரு இரும்புத் துண்டு பட்டு, வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பலத்த காயம். அதன்பின் அது ஓடவில்லை. மறு வருஷம் செப்டம்பரில், 19 சீசனில் 1 கோடியே 80 லட்சம் பேர் ஏறிய இந்தச் சவாரி, நீங்கள் அறிந்த வடிவில் ஓய்வுபெறுகிறது என்று அறிவித்தார்கள். 2024 மே மாதம் டாப் திரில் 2 என்று புதுப்பித்துத் திறந்தார்கள், ஒரு வாரம் போல ஓடியது, நின்றது. பெட்டிகளில் மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது என்றார்கள். அந்த சீசன் முழுக்கத் திறக்கவில்லை.

அந்தக் கோடையில் பூங்கா எதைப் போட்டாலும், பொரித்த உருளைக்கிழங்கு படமாக இருந்தாலும் சரி, கீழே "டாப் திரில் 2 எப்போது?" என்றுதான் முதல் கேள்வி. சிலர் கோபமாக, சிலர் கெஞ்சலாக. இந்தப் பக்கங்களை நடத்துகிறவர்களுக்கு அதுதான் உண்மையான சோதனை என்று நினைக்கிறேன். சவாரி தயாராகாமல் தேதி சொல்லி ஆறுதல் தேடியிருந்தால், மறுபடி ஏமாற்றம், அவசரப்பட்டால் ஆபத்தும்கூட. 2025-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. திட்டினவர்களே வரிசையில் முதலில் நின்றிருப்பார்கள்.

இவன் கதையையும் கேளுங்கள். ஸ்டீல் வெஞ்சன்ஸில் ஏற 52 அங்குல உயரம் வேண்டும். சமையலறைக் கதவில் பென்சில் கோடு 51-லேயே நின்றது. என் கணக்கிலிருந்து எனக்குத் தெரியாமல் பூங்காவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான்: "தடித்த அடி வைத்த ஷூ போட்டு வந்தால் விடுவீர்களா?" அன்று சாயங்காலமே பதில். விடமாட்டோம், பாதுகாப்புக் கம்பி உன் உடம்பைச் சரியாகப் பிடிக்க அந்த உயரம் வேண்டும். அதுவரை மில்லினியம் ஃபோர்ஸுக்கு 48 அங்குலம் போதும், அங்கே உனக்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கோஸ்டரின் உயரம் 310 அடி அப்பா, எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் ஒரு பையனை மதித்து, காரணம் சொல்லி மறுத்த அந்தப் பதில் எழுதியவருக்கு மனதார நன்றி சொல்லி எழுதினேன்.

எனக்கு ஒத்துவராத பக்கமும் உண்டு. வருகிறவர்கள் எடுக்கும் படங்களைப் பூங்கா தன் பக்கத்தில் எடுத்துப் போடும். ஏரியில் சூரியன் இறங்கும்போது ராட்டினத்தோடு எடுத்த படங்கள் கொள்ளை அழகு. ஆனால் கூச்சலிடும் குழந்தைகளின் முகங்களும் அதே மாதிரிதான் ஊர் முழுக்கச் சுற்றுகின்றன. நம் பிள்ளைகளின் முகம் தெரியும் எதையும் பொதுவில் போடக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வருவதோடு சரி. நல்லவேளை, ஸ்டீல் வெஞ்சன்ஸ் திறந்த வருஷமே வரிசையில் செல்போனுக்குத் தடை போட்டார்கள். ஓடும் பெட்டியிலிருந்து போன் பறந்தால் கீழே இருப்பவர் தலை என்னாவது?

விசா நேர்காணல் தேதி கிடைத்ததும் சொல்லுங்கள். ஜூனில் வந்தால் உங்களை அங்கே கட்டாயம் கூட்டிப்போவோம். அம்மாவுக்குக் கவலை வேண்டாம், ஏறி இறங்க ரோலர் கோஸ்டர் மட்டுமில்லை. 1963-லிருந்து ஓடும் ஒரு குட்டி ரயில் இருக்கிறது, நிஜமாகவே நிலக்கரி போட்டு ஓடும் நீராவி இன்ஜின். தாத்தா எத்தனை இன்ஜின் பார்த்தவர் என்று இவனிடம் சொன்னதிலிருந்து ஒரே நச்சரிப்பு. பாய்லர், பிரேக், என்ன நிலக்கரி, உங்களுக்கு எதெல்லாம் தெரிய வேண்டுமோ வரிசையாக எழுதி அனுப்புங்கள். இங்கிலீஷில் மாற்றி பூங்காவின் பக்கத்தில் அவனே கேட்பானாம், இந்தத் தடவை என் அனுமதியோடு.

உங்கள் அன்பு மகள்