வெள்ளச் சேறு சேர்ந்த பூங்கா மண்ணைப் பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தெருவாசிகள்,
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை.

பொருள்: வெள்ளச் சேறு சேர்ந்த பூங்கா மண்ணில், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்ததும், கீழ்த்தள வீடுகளில் படிந்திருந்த கறுப்புச் சேற்றை மண்வெட்டியால் வாரி, தெருமுனைப் பூங்காவில் கொட்டியவர்கள் நாங்கள்தான். அன்றைக்கு வேறு இடம் தோன்றவில்லை. மேலே பிளீச்சிங் பவுடர் தூவினோம், நாற்றம் போனது, சரி, முடிந்தது என்று இருந்துவிட்டோம். இப்போது அதன்மேல் புல் முளைத்து, பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். ஓரத்தில் ஓர் அரைக்கீரைப் பாத்தியும் உண்டு.

வந்தது மழைநீர் மட்டுமல்ல. சாக்கடை பொங்கி, செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்து, எல்லாம் கலந்துதான் வீட்டுக்குள் வந்தது. நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தில் ஒரு பங்கு உடம்பிலிருந்து அப்படியே வெளியேறிச் சாக்கடைக்குப் போகிறது. அந்த மருந்துக்கு அசராத பாக்டீரியாவும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பாக்டீரியா தன்னிடமுள்ள எதிர்ப்பு மரபணுவை, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டிஎன்ஏ வளையத்தின் வழியே வேற்றினப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். எனவே சாக்கடைக் கிருமி செத்துப்போனாலும் அதன் எதிர்ப்பு மரபணு மண்ணில் தங்கிவிடலாம். நாங்கள் பெரிதும் நம்பிய பிளீச்சிங் பவுடர் இதில் அவ்வளவாக உதவாது. சேற்றிலுள்ள மக்கிய பொருள்களே குளோரினைத் தின்று தீர்த்துவிடும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2017-இல் ஹார்வி புயல் வெள்ளம் வந்தபோது, ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரை எடுத்துச் சோதித்தார்கள். தெருவில் நின்ற நீரைவிட வீட்டுக்குள் தேங்கிய நீரில்தான் எதிர்ப்பு மரபணுக்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. நாங்கள் வாரியதும் வீட்டுக்குள் தேங்கியதைத்தான். சென்னையிலும் 2015 வெள்ளத்துக்குப் பின் நிலத்தடி நீரில் கிருமிகளையும் அவற்றின் மருந்து எதிர்ப்பையும் பார்த்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. அது தண்ணீருக்கு. பிள்ளைகள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்வது மண்ணில்.

ஒருமுறை பரிசோதித்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தே 1943-இல் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்துதான் கிடைத்தது. மருந்தை உண்டாக்கும் உயிர் இருக்குமிடத்தில் அதற்கு எதிர்ப்பும் இயல்பாகவே இருக்கும். ஆகவே "எதிர்ப்பு உள்ளது" என்ற ஒற்றை முடிவு, அதை வெள்ளம் கொண்டுவந்ததா, முன்பே இருந்ததா என்று காட்டாது. வெள்ளம் ஏறாத ஒரு மேட்டுப்பகுதிப் பூங்காவின் மண்ணையும் உடன் எடுத்து ஒப்பிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, வெள்ளம் வந்தால் வடிந்த இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை என எடுத்தால் கூடியதா, குறைந்ததா என்பது தெரியும். கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு ஆராய்ச்சி நிலையமும் அண்ணா பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருப்பதால், அவர்களைக் கலந்து இதைச் செய்ய ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.

அடுத்த வெள்ளத்தில் வீட்டுச் சேற்றைக் கொட்டுவதற்கு வார்டுக்கு ஓர் இடத்தை முன்கூட்டியே குறித்து, பலகை வைத்துவிட்டால் போதும், நாங்கள் பூங்காப் பக்கம் போகமாட்டோம். பரிசோதனை முடிவு வரும்வரை நாங்கள் கொட்டிய சேற்று மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டவும், கீரைப் பாத்தியை எடுத்துவிடவும் நாங்களே தயார். அதற்கு அனுமதி மட்டும் வேண்டும். எந்தெந்த மூலையில் கொட்டினோம் என்று மண் எடுக்க வருபவர்களுக்குக் கூடவே வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள்

இணைப்பு: பூங்காவில் சேறு கொட்டிய இடங்களைக் குறித்த கைவரைபடம்.