நரம்பிலேயும் இப்படித்தானா மிஸ்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். வாட்ஸ்அப்பில் எழுதினால் எனக்குக் கிடைப்பது நீல டிக் மட்டும்தான், அதனால் மெயிலில் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? மதியம் அந்த ஆறிப்போன சாண்ட்விச்சோடு நிறுத்திக்கொள்ளாதே, ராத்திரியாவது சோறு வை. பெரிய அத்தை உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வழக்கமாகச் சொல்வதையே சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் செமினாரை முழுவதும் பார்த்தோம். "உனக்குப் புரியாதும்மா, சும்மா பாரு" என்றுதான் லிங்க் அனுப்பியிருந்தாய். இங்கே ராத்திரி ஒன்பதரை மணி, உன் அப்பா நியூஸைக்கூட நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் ஸ்லைடில் கணவாய் மீன் வந்ததும் "நம்ம திரேஸ்புரத்துக் கணவாய்!" என்று ஒரே சந்தோஷம் அவருக்கு. நீ இங்கிலாந்தின் பிளைமவுத் போனபோது அனுப்பிய கடல் போட்டோ, அங்கேதான் விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் நரம்பில் சோதனை செய்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நரம்பில் ஓடும் மின் துடிப்புக்கு 1952இல் அவர்கள் எழுதிய சமன்பாடுகளையும், கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்ததால் ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு, சில மில்லி செகண்டில் முடிந்துபோகும் ஒரு துடிப்புக்காக வாரக்கணக்கில் கணக்குப் போட்டதையும் எவ்வளவு தெளிவாகச் சொன்னாய்! 31 வருஷம் பிசிக்ஸ் எடுத்தவள் சொல்கிறேன், எனக்கு அப்படிச் சொல்ல வந்திருக்காது.

அப்புறம் அந்தக் கேள்வி. பின்வரிசையில் இருந்தவர் கேட்டது எனக்கு முதலில் பிடிபடவில்லை. துடிப்பைக் கணக்கில் காட்டும் உன் மாடலில் வைத்த எண்கள்தான் எலியின் மூளையிலும் இருக்கின்றனவா, வேறு எண்களை வைத்தாலும் இதே துடிப்பு வந்துவிடாதா என்றார். நீ திரையையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் கைடு ஏதோ சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இன்றோடு 23 நாள் ஆகிறது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை, தேடிப் படித்தேன். நண்டின் வயிற்றை ஆட்டிவைக்கும் நரம்பு முடிச்சில் சுமார் 30 நியூரான்தானாம். 2004இல் நரம்பியல் விஞ்ஞானி ஈவ் மார்டரின் குழு அதை மூன்று செல் மாடலாகச் சுருக்கி, எண்களை மாற்றி மாற்றி இரண்டு கோடிக்கும் மேலான வகைகளை ஓட்டிப் பார்த்திருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள்கூட ஏறக்குறைய ஒரே தாளத்தைக் கொடுத்தன. நண்டிலேயே இப்படியென்றால், எலிக்கு நின்ற இடத்தில் நீ என்ன பதில் சொல்லிவிட முடியும்? "தெரியவில்லை, பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். உனக்கு அது வாயில் வரவில்லை.

அப்பாவிடம் டிக்கெட் விலை கேட்டாயாமே. ஒருவழியா, போக வரவா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாடி ரூம் அப்படியேதான் இருக்கிறது, எப்போது வந்தாலும் உன் வீடு. ஆனால் எத்தனை பேர் தடுத்து, அந்தப் பங்குனி மாசம் என்ன பாடுபட்டு நீ போனாய் என்பதையும் நினைத்துக்கொள். அவ்வளவு தூரம் போன பிள்ளைக்கு, பெற்றவளிடம் இரண்டு நிமிஷம் பேச நேரமில்லையா? சரி, விடு. ராத்திரி லேபிலேயே கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

நான் எழுத வந்தது வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் மின்தேக்கி பாடம் நடத்தியபோது எழுந்து நின்று, "நரம்பிலேயும் இப்படித்தான் கரண்ட் ஓடுதா மிஸ்?" என்று கேட்டாய். "அது பயாலஜி. போர்ஷன் முடிக்கணும், உட்கார்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பாப்பா, எனக்குப் பதில் தெரியாது, அதுதான் உண்மை. சொந்த மகள் கேட்டே டீச்சருக்குத் தெரியவில்லை என்று ஸ்டாஃப் ரூம் வரைக்கும் பேச்சு வந்துவிடுமோ என்று பயந்தேன். வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் நீ முகம் கொடுத்துப் பேசவில்லை, அதைத் திமிர் என்று திட்டினேன். அதற்கப்புறம் என் வகுப்பில் நீ கை தூக்கவே இல்லை. நான் அதைக் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். இந்த வீட்டில் "தெரியவில்லை" என்று யாரும் சொல்லி நீ கேட்டதே இல்லை. நீ அங்கே வாயடைத்து நின்றபோது எனக்கு அந்த வகுப்புதான் கண்முன் வந்தது.

இப்போது பதில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. கம்பியில் ஓடுவது மாதிரி ஓடுவதில்லை. செல்லின் சவ்வுதான் மின்தேக்கி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரட். சும்மா இருக்கும்போது உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். சவ்வில் உள்ள கதவு திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால் அது பிளஸ் பக்கம் ஏறுகிறது, பிறகு பொட்டாசியம் வெளியே போய்ப் பழையபடி இறக்கிவிடுகிறது. அந்த ஏற்றம் பக்கத்துக் கதவுகளையும் திறக்க, துடிப்பு அப்படியே நகர்ந்து போகிறது. சரிதானே?

ஒன்று மட்டும் புரியவில்லை. வோல்டேஜ் ஏறினால் இரண்டு கதவும் திறக்கும் என்றால், பொட்டாசியம் கதவு மட்டும் ஏன் பிந்தித் திறக்கிறது? உன் ஸ்லைடில் 'n' என்ற ஆங்கில எழுத்துக்கு மேலே 4 போட்டிருந்தாயே, அது இதற்குத்தானா? எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிக் கொடு. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன்.

அம்மா