புள்ளிக்கு ஒரு படப் புத்தகம்

ஊர்ச் சொந்தங்களுக்கும், சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், மலேசியா என்று எங்கெங்கோ இருந்துகொண்டு ஊர் நினைப்பை விடாத அண்ணன்மார், ஆச்சிமார் எல்லோருக்கும் படிப்பகக் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். நம் ஊர்ச் சிறு பிள்ளைகளுக்குப் புதுப் படப் புத்தகங்கள் வாங்கவும், அவற்றை ஒரு வருஷம் நல்லபடியாகப் புழக்கத்தில் வைத்திருக்கவும் 50,000 ரூபாய் வேண்டும். குழுவில் இருக்கிற நாங்கள் எங்களுக்குள் 11,000 போட்டுவிட்டோம், மீதி 39,000. கோயில் காரியத்துக்குக் குடும்பத்தைப் புள்ளி என்று எண்ணிப் புள்ளி வரி போடுகிற மாதிரி, புள்ளிக்கு ஒரு புத்தகத்தின் விலை, அதாவது 130 ரூபாய் என்று கேட்கிறோம். 300 புள்ளி சேர்ந்தால் முடிந்தது. புள்ளி என்று சொல்வது வாய்ப் பழக்கத்தில்தான், நகரத்தார் (செட்டியார்) வீடுகளுக்கு மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் திண்ணைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாத் தெருவிலிருந்தும் வருகிறார்கள்.

திண்ணை என்றது, கீழத் தெருவில் ஒரு ஆச்சி தன் வீட்டு முகப்பைச் சனி, ஞாயிறு சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை நமக்குத் திறந்துவிடுகிறார்களே, அதுதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும், பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு புத்தகம் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரை வருகிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு தங்கச்சி கதை வாசிக்கிறாள். பிள்ளைகளும் இடமும் இருந்தும் புத்தகம்தான் போதவில்லை. இருக்கிற முப்பது சொச்சத்தையும் பிள்ளைகள் மனப்பாடமாக்கிவிட்டார்கள்.

போன வருஷம் "புத்தகம் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டோம். கேட்ட விதம் சரியில்லை. மூட்டை மூட்டையாக வந்தது, கொடுத்தவர்கள் மனதைக் குறை சொல்லவே முடியாது, ஆனால் வந்ததெல்லாம் பத்தாம் வகுப்பு உரைநூல், போட்டித் தேர்வுப் புத்தகம், வார இதழ் பைண்டு, சோதிடம். மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுக்க அந்த மூட்டைகளில் நான்கு புத்தகம்கூடத் தேறவில்லை. அதனால் இந்தத் தடவை தெளிவாகச் சொல்கிறோம்: பழைய புத்தகம் வேண்டாம். புதுப் படப் புத்தகம் வாங்கப் பணம்தான் வேண்டும். என்ன வாங்குவது என்பதை நாங்கள் உட்கார்ந்து, வாசித்து, பிள்ளைகளிடம் காட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் சத்தம் போட்டு வாசித்துப் பார்ப்போம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாக்கியம் நாக்கில் தட்டினால் அந்தப் புத்தகம் வேண்டாம். வேறு மொழியிலிருந்து அவசரமாகக் கொண்டுவந்த புத்தகங்களில் இந்தத் தொல்லை நிறைய. "அவன் ஓடினான்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அவன் விரைந்து செல்லலானான்" என்று இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஓடுவது தெரியும், செல்லலாவது தெரியாது. பக்கத்துக்கு இரண்டு வரி, மூன்று வரி போதும். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற கதை என்றால் இன்னும் நல்லது, மூன்றாவது பக்கத்திலேயே பிள்ளைகள் அந்த வரியை நமக்கு முன்னால் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பு என்று கையைத் தட்டுவார்கள். படப் புத்தகத்தில் பக்கம் திருப்புவதே கதையில் ஒரு பங்கு. இந்தப் பக்கத்தில் ஒரு வால் மட்டும் தெரிய வேண்டும், திருப்பினால் யாருடைய வால் என்று தெரிய வேண்டும்.

அப்புறம் படம். எழுத்தில் இருப்பதையே படமும் சொன்னால் பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிடும். எழுத்தில் வராத ஏதாவது படத்தில் இருக்க வேண்டும். ஒரு எறும்பு எல்லாப் பக்கத்திலும் ஓரமாக நடந்துகொண்டே இருந்தால் போதும், பெரியவர்கள் வரியை வாசித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை எறும்பைத் தேடிக்கொண்டிருக்கும், கண்டுபிடித்ததும் அதற்கு வருகிற கர்வத்தைப் பார்க்க வேண்டுமே. இன்னொன்று, நம் பிள்ளைகள் மாதிரி பிள்ளைகள் படத்தில் இருக்க வேண்டும். கறுத்த பிள்ளை, எண்ணெய் வைத்த தலை, பனைமரம், கண்மாய், பஸ் ஸ்டாண்டு. சென்ற ஆவணியில் ஒரு கண்மாய்ப் படம் வந்தது, இரண்டு பக்கத்துக்கும் பரந்து நீலமாகத் தண்ணீர். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாலு வயசுப் பையன் ஒருவன் நிமிர்ந்து கேட்டான்: "தண்ணி எப்ப வந்துச்சு?" நம் கண்மாய் என்றே நினைத்துவிட்டான். பனிமலையும் பைன் மரமும் உள்ள புத்தகமும் வேண்டும்தான், வாங்கவும் செய்வோம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து இந்தக் கேள்வி வந்திருக்காது.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடித்த அட்டைப் புத்தகம்தான் சரி. பக்கத்துக்கு ஒரே பொருள், மழுங்கிய மூலை. வாயில் வைக்கும், கடிக்கும், அது அந்த வயதின் வாசிப்பு. விலை கூடுதலாக இருப்பதால் இதில் பத்து மட்டும் வாங்குகிறோம்.

பளபளப்புக் காகிதம் கடையில் பார்க்க நன்றாக இருக்கும். திண்ணையில் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்தால் பாதிப் பக்கம் வெள்ளையாகக் கண்ணைக் கூசும், ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இது ஒரு மாதம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இப்போது எந்தப் புத்தகத்தையும் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்க்காமல் எடுப்பதில்லை.

கடைசிப் பக்கத்தில் "ஆகவே பிள்ளைகளே" என்று ஆரம்பிக்கிற புத்தகங்களை விட்டுவிடுகிறோம். நல்லது கெட்டது சொல்லித்தர வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் அதிகம் வாங்க நினைப்பது எழுத்தே இல்லாத படக்கதைகளை. இதற்கு இரண்டு காரணம். நம் ஊரைச் சுற்றிப் பழைய வீடுகளைப் பழுது பார்க்கவும், கட்டட வேலைக்கும் வடக்கேயிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறவர்களின் பிள்ளைகள் இப்போது ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் இப்போதுதான் வருகிறது. எழுத்தில்லாத புத்தகத்தை விரித்தால் அவர்கள் அவர்கள் பாஷையில் சொல்கிறார்கள், நம் பிள்ளைகள் தமிழில் சொல்கிறார்கள், நடுவில் ஒருவருக்கொருவர் வார்த்தையை வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது காரணம் பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு அப்பத்தா. எழுதப் படிக்கத் தெரியாது என்று வாசல் நிலையோடு நின்றுவிடுவார்கள். ஒருநாள் எழுத்தில்லாத புத்தகத்தை அவர்கள் மடியில் வைத்தோம். சந்தைக்குப் போகிற ஒரு பெண்ணின் படம். அப்பத்தா அதை ஒரு முழுக் கதையாக, விலை பேசுவது உட்பட, அரை மணி நேரம் சொன்னார்கள். அடுத்த வாரம் அதே புத்தகம், கதை வேறு மாதிரி போனது. பேரன் விடவில்லை: "போன வாரம் இந்தக் காக்கா பாவம்னு சொன்னீங்க, இப்ப திருடன்கிறீங்க." இப்போது அவர்கள் வராத வாரம் பிள்ளைகள் தேடுகிறார்கள்.

எங்கே வாங்குகிறோம் என்றால், நல்ல தமிழ்ப் படப் புத்தகம் போடுகிற இடங்கள் இன்று பல இருக்கின்றன. 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் இன்றைக்கும் விலை குறைவாகத் தருகிறது. சென்னையில் தாரா, தூலிகா இரண்டும் முப்பது வருஷமாக இந்த வேலையைச் செய்கின்றன. தூலிகாவில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கிற புத்தகங்கள் கிடைக்கும், ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம் இவற்றிலும் சிறு பிள்ளைகளுக்கு உகந்தவை இருக்கின்றன. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் ஸ்டோரிவீவர் என்று ஒரு தளம் தொடங்கியது, அதில் உள்ள கதைகளை எழுதியவர், வரைந்தவர் பெயரோடு யாரும் இலவசமாக அச்செடுத்துக்கொள்ளலாம். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரே கதை கிடைக்கும். வடக்குப் பிள்ளைகளுக்காக அப்படிச் சிலவற்றை அச்செடுக்கப் போகிறோம்.

இவ்வளவு கிடைக்கும்போது நம் பக்கத்துக் கடைகளில் ஏன் இல்லை என்றால், வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. பரீட்சைக்கு உதவுமா என்றுதான் கேட்கிறோம்.

புத்தகம் நம் மண்ணுக்குப் புதிது இல்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்தது இங்கே ராயவரத்தில். அவர் காலத்தில் புதுக்கோட்டையிலிருந்து பிள்ளைகளுக்கென்றே பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்த புத்தகங்களை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமே வந்தது. சேர்த்துப் பத்திரப்படுத்துவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் இங்கே நாங்கள் கேட்பது அதற்கு நேர் எதிரானது. இந்தப் புத்தகங்களைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டப் போவதில்லை. கிழியும், எச்சில் படும், ஒரு பக்கம் காணாமல் போகும், தெரிந்தே வாங்குகிறோம். இரண்டு வருஷம் கழித்தும் புத்தம் புதிதாக இருக்கிற படப் புத்தகம் யாரும் தொடாத புத்தகம்.

அதற்காக அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு நடு மடிப்பில் இரண்டு பின் அடித்திருப்பார்கள். ஐப்பசி மழையில் அது துருப்பிடித்து, நடுப் பக்கம் முதலில் கழன்றுவிடும். அதனால் வந்த உடனேயே பின்னைப் பிடுங்கிவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்துவிடுகிறோம். தையல் கடை அண்ணன் சொல்லிக்கொடுத்த முறை, ஒரு புத்தகத்துக்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும். முதுகுக்குத் துணி டேப். அலமாரிக்குப் பதிலாக ஓலைக் கொட்டான். நம் ஊர்ப் பெண்கள் முடைகிறதே, பூசை சாமானும் சீர்ப் பலகாரமும் வைக்கிற அதே கொட்டான்தான், அகலமாகச் சொல்லி வாங்குகிறோம். புத்தகத்தின் முகம் தெரிகிற மாதிரி அதில் நிறுத்தி வைத்தால் தவழ்கிற பிள்ளைகூட எட்டி எடுக்கும். பீரோவில் முதுகை மட்டும் காட்டி அடுக்கினால் எழுத்துத் தெரியாத பிள்ளை எதைப் பார்த்து எடுக்கும்? புத்தகத்தை அரிக்கிற இராமபாணப் பூச்சி வராமலிருக்கக் கொட்டானின் அடியில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும்.

சரி, கணக்கு. 120 தலைப்பு, அதில் பிள்ளைகள் அடித்துக்கொள்கிற 40-க்கு இன்னொரு பிரதி, ஆக 160 புத்தகம், 20,800 ரூபாய். சிலது 60 ரூபாய்க்கும் கிடைக்கிறது, சிலது 250-க்கு மேல், சேர்த்துப் பார்த்தால் ஒன்று 130 என்று வருகிறது. கிழிந்து போவதற்குப் பதில் வாங்க 40 புத்தகத்துக்கு 5,200. கொட்டான் 12, ஒன்று 400 ரூபாய் வீதம் 4,800. நூல், டேப், அச்செடுக்கிற செலவு 1,200. கதை வாசிக்கிற தங்கச்சிக்குப் பஸ் செலவும் கைச்செலவுமாக மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000. இந்தக் கடைசி வரியைப் பார்த்து "கதை படிக்கக் காசா" என்று சிலர் கேட்டார்கள். ஆமாம். அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி வருகிறாள், ஒரு வாரம்கூடத் தவறவில்லை. புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் வாசித்துவிட மாட்டார்கள், மடியில் வைத்து வாசிக்க ஒரு ஆள் வேண்டும்.

உபயம் என்று பெயர் போடுவீர்களா என்று நிச்சயம் கேட்பீர்கள். அட்டையில் போட மாட்டோம், படம் மறையும். பின்பக்க உள் அட்டையில் சின்னச் சீட்டு ஒட்டி, "இன்ன வீட்டு ஐயா நினைவாக", "இன்ன பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு" என்று நீங்கள் சொல்கிறபடி கையால் எழுதுவோம். ஐந்து புத்தகம், பத்து புத்தகம் என்று தருகிறவர்களுக்கும் அதே அளவு சீட்டுதான். 130 முடியாதவர்கள் 20, 30 தந்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம், மூன்று வீடு சேர்ந்து ஒரு புத்தகமாகவும் தரலாம்.

பணத்தைத் திண்ணையில் நேரில் கொடுக்கலாம், ரசீது உடனே தருவோம். வெளியூர்க்காரர்கள் பொருளாளரிடம் கேட்டால் கணக்கு விவரத்தைத் தனியாக அனுப்புவார். மார்கழி முடிவதற்குள் தந்தீர்கள் என்றால் பெரிய உதவி. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அங்கே எல்லாப் பதிப்பகமும் ஒரே இடத்தில் இருக்கும், பத்து சதவீதம் கழிவும் கிடைக்கும், கையில் எடுத்து, சாய்த்து, வாசித்துப் பார்த்து வாங்கலாம். சென்னையில் இருக்கிறவர்கள் இரண்டு பேர் அன்று கூட வந்தால் கட்டுகளைத் தூக்கவும் ஆள் கிடைக்கும். வாங்கிய பட்டியலும் பில்லும் தை முடிவதற்குள் முகப்புச் சுவரில் ஒட்டியிருப்போம்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திண்ணைப் பக்கம் எட்டிப் பாருங்கள். உட்கார்ந்த உடனே ஏதாவது ஒரு பிள்ளை புத்தகத்தோடு வந்து நிற்கும், அதனால் படிக்கிற கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர்