திசுவை எதில் அனுப்புகிறோம்?

ஆசிரியருக்கு,

காசநோயைக் கண்டறியும் மூலக்கூறு பரிசோதனைக் கருவிகள் பரவலாகி வருவது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். நுண்ணோக்கிச் சோதனையில் கிருமி தென்பட, ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும்; கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூலக்கூறு பரிசோதனைக் கருவியான சிபிநாட் (CBNAAT) கிருமியின் மரபணுவையே தேடி, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்து, சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் இந்தப் பயன் கிட்டுவது, எடுத்த திசுவை எதில் இட்டு அனுப்புகிறோம் என்பதையே பொறுத்தது.

என் தங்கை மகளின் கழுத்தில் இருந்த நெறிக்கட்டியை அறுவை செய்து எடுத்தபோது, திசு முழுவதையும், அதைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் இட்டுவிட்டனர். ஃபார்மலின் கிருமியைக் கொன்று, மரபணுவையும் சிதைத்துவிடும் என்பதால், வளர்ப்புச் சோதனைக்கோ சிபிநாட்டுக்கோ அது பயன்படவில்லை. பதினாறு வயதுப் பெண், மாதிரி எடுக்கும் ஊசிக்கு மீண்டும் கழுத்தை நீட்ட நேர்ந்தது. கருவி அதே வளாகத்தில்தான் இருந்தது என்பதே எங்களைப் பெரிதும் வருத்தியது. காசநோய்ச் சந்தேகம் உள்ள ஒவ்வொரு திசுவிலும் ஒரு பகுதியை ஃபார்மலின் கலவாத, கிருமிநீக்கிய உப்புநீரில் தனியே அனுப்ப வேண்டும் என்னும் குறிப்பைப் பரிசோதனைக் கோரிக்கைப் படிவத்திலேயே அச்சிட சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்