பாதையடியில், அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவைத் துறையில், நின்றவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும்

அம்மா இப்போது நடக்கிறார். கிணற்றடி வரைக்கும் தானாகப் போய், வாளியைத் தூக்கப் பார்த்து, என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார். மார்கழி மழையில் அவர் வழுக்கி விழுந்தது மண்டூர் ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பது எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும், உங்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியை யாரென்றே தெரியாது. நேரில் சொல்ல வந்தால் "இதென்னகா, இதுக்கெல்லாம் போய்" என்று வாயை அடைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் வாசியுங்கள்.

முதலில் எதிர்வீட்டு மிட்வைஃப் அக்காவுக்கு. நீங்கள் ஓய்வு பெற்று எத்தனையோ காலம். அன்றைக்குத் தலையில் துவாயோடு ஓடிவந்து, அம்மாவைத் தூக்கப் போன எல்லாரையும் ஒரே அதட்டில் நிறுத்தினீர்கள். வலது கால் மற்றக் காலை விடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்ததைக் காட்டி, "இது தொடை எலும்பு, ஒருத்தரும் இழுக்கக் கூடாது" என்று சொன்னீர்கள். எண்ணெய் போட்டு மருந்துப் பத்துக் கட்டலாம், முறிவு வைத்தியரைக் கூட்டி வரலாம் என்று நல்ல மனதோடுதான் நாலு பேர் சொன்னார்கள், அவர்களோடும் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீங்கள் இரண்டு காலுக்கும் நடுவே தலையணையை வைத்து, அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து, நோகாமல் கட்டினீர்கள். பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, "ஆர் கட்டினது?" என்று கேட்டார். சொன்னேன். உங்களுக்கு இதை இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

அப்புறம் கதவு. வெல்லாவெளிப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது, பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போக வழியே இல்லை. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுத்தால் வண்டி அக்கரையில் குருமண்வெளி வரைக்கும் வரும் என்றார்கள், மண்டூரிலிருந்து ஆற்றைக் கடப்பது எங்கள் பாடு. பக்கத்து வளவுப் பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் போய், தன் வீட்டு அறைக் கதவைப் பிணைச்சலோடு கழற்றிக்கொண்டு வந்தார். நல்ல முதிரைக் கதவு. அதில் அம்மாவைக் கிடத்தி, உழவு மெஷின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றி, பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் பொடியன்கள் இரண்டு பக்கமும் கதவைக் கையில் தாங்கிக்கொண்டே வந்தார்கள். பெரியப்பா, அந்தக் கதவு திரும்பி வரும் வரைக்கும் உங்கள் அறையில் ஒரு பெட்சீற்தான் தொங்கியது என்று பெரியம்மா சொன்னார்.

பாதையடியில் இன்னொரு சங்கடம். மழை வெள்ளம் ஆற்றுவாழை என்கிற மிதக்கும் செடியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து துறையில் அடைத்திருந்தது, பாதை கரையை விட்டு அசைய முடியவில்லை. ஆற்றுக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பச்சைப் பாய் எப்படி அடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதைகாரத் தம்பியும் இன்னும் மூன்று நாலு பேரும், அதில் ஒருவர் மீன் வித்துவிட்டு வீட்டுக்குப் போக நின்றவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார்கள். முதலை இருக்கிற ஆறு. கம்பால் குத்தி, கையால் கிழித்து, வேரோடு வேர் பின்னிக்கிடந்த அந்தக் கட்டைகளைத் தள்ளித் தள்ளி ஒரு வழி எடுத்தார்கள். அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் காசை நீட்டினேன். தம்பி ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மாவக் கொண்டு போங்கக்கா முதல்ல" என்றார். உங்களோடு இறங்கிய மற்றவர்கள் யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மழையில் முகம் பார்க்கவில்லை. இந்த மடல் அவர்கள் காதுக்கும் போகட்டும்.

(அம்மாவிடம் கேட்டால் முழுக் கணக்கையும் மண்டூர் முருகன் பேரில் எழுதிவிடுகிறார். "அவன்தான் வழிவிட்டவன்" என்கிறார். பாதைகாரத் தம்பி அதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு ஏன் சளி புடிச்சது" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி.)

1990 அம்புலன்ஸ் பொடியன்களுக்கும் நன்றி. இந்தச் சேவை 2016இல் இந்திய உதவியோடு மேற்கிலும் தெற்கிலும் தொடங்கியபோது, இதெல்லாம் எங்கள் பக்கம் எங்கே வரப்போகிறது என்று நாங்களே பேசியிருக்கிறோம். வந்தது, ஒரு சதமும் கேட்கவில்லை. களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, அன்றிரவே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள்.

வாட்டில் இருந்த நாட்களைப் பற்றி எழுதினால் இது மடலாக இருக்காது. ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த உம்மாவைப் பார்க்க வந்த காத்தான்குடி ராத்தா. முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. யுத்த காலத்தில் இந்த மாவட்டத்தில் தமிழராகவும் முஸ்லிம்களாகவும் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இரண்டாம் நாள் காலை நான் முகம் கழுவிவிட்டு வரும்போது, ராத்தா அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்து, சிக்கு விழுந்த நரை முடியை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நோகாமல் சீவிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். "நீங்க பெய்த்துக் குளிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் பிட்டு அவர்களுக்கும் அவர்களின் இடியப்பம் எங்களுக்கும் ஆனது. சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போன நேரம் நான் வெளியே அழுதுகொண்டு நிற்க, ராத்தா எனக்குப் பக்கத்தில் நின்று ஓதினார். உங்கள் உம்மா இப்போது எப்படி? உங்கள் நம்பரை எழுதி வைத்த துண்டு என் கைப்பையோடு மழையில் நனைந்து போய்விட்டது. இதை வாசிக்கிற காத்தான்குடி ஆட்கள் யாராவது ராத்தாவைத் தெரிந்தால் சொல்லிவிடுங்கள், மண்டூர் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று.

பிறகு முகமே தெரியாத இரண்டு பேர். அம்மாவுக்கு இரண்டு பக்கெட், அதாவது இரண்டு பை, இரத்தம் ஏற்றினார்கள். கையில் துளித்துளியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் வேறு ஒன்றும் யோசிக்க வராது. பக்கெட்டில் இருந்த லேபிளில் குருப்பும் திகதியும் உண்டு, பெயர் இல்லை. எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைத்தாலும் 35 நாள், மிஞ்சினால் 42 நாள்தான் இருக்கும் என்று நேர்ஸ் மிஸ் சொன்னார். அப்படியென்றால் அம்மா நல்லபடியாகக் கூனி வறுத்துக்கொண்டு திரிந்த ஏதோ ஒரு நாளில், யாரோ ஒருவர் ஒரு கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசலிலோ பள்ளிக்கூடத்திலோ கையை நீட்டிக் கொண்டு படுத்திருக்கிறார். தனக்கே தெரியாமல் எங்கள் அம்மாவுக்காக. நம் நாட்டில் இதற்குக் காசும் இல்லை, 2014 தொடக்கம் இரத்த வங்கிக்கு வருகிறது முழுக்க இப்படிச் சும்மா கொடுக்கிறவர்களின் இரத்தம்தான். நான் ஒரு முறை கொடுத்துவிட்டேன், அடுத்ததற்கு நாலு மாதம் பொறுக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் வீரமாக வந்தார், 50 கிலோ நிறை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சோறு கூடத்தான் சாப்பிடுகிறார்.

சுருக்கமாக இன்னும் சிலர். காலை வஸ் கொண்டக்டர் அண்ணன், ஒவ்வொரு நாளும் எங்கள் சாப்பாட்டுப் பார்சலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிக் கொடுத்தார். மச்சான், நாங்கள் ஒருவரும் இல்லாத நேரம் எங்கள் வயல் வட்டைக்குள் இறங்கி, வரம்பை வெட்டி வெள்ளத்தை வடியவிட்டார். பயிர் மூழ்கி ஒரு கிழமைக்கு மேல் நின்றிருந்தால் அழுகியிருக்கும், இந்த மாசி வெட்டுக்கு எங்களுக்கு ஒன்றுமே இருந்திருக்காது. பின்வீட்டுப் பிள்ளை எங்கள் மாட்டில் பால் கறந்து, விற்ற காசை ஒரு கொப்பியில் எழுதி, ரூபாய் பிசகாமல் கொண்டு வந்து தந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. டவுனில் நாங்கள் தங்க அறை கேட்டபோது மழையைக் கண்டு வாடகையைக் கூட்டிய ஒருவரும் உண்டு, அவரைப் பற்றி எழுத எனக்கு இடம் காணாது.

பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபி மிஸ்ஸுக்கு: ஒப்பரேசன் முடிந்த அடுத்த நாளே அம்மாவை நீங்கள் எழும்பச் சொன்னபோது உங்களை நான் மனதுக்குள் திட்டினேன். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும் என்று நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். அம்மா இரண்டு எட்டு வைத்துவிட்டு உங்களைப் பார்த்து, "மனே, நீ நல்லா இரிப்பாய், ஆனா உனக்கு இரக்கமில்ல" என்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கடைசியாக ஒரு அறிவித்தல். அம்மா பாவித்த வோக்கர் எங்களுடையதல்ல. கோயில் வீதிப் பக்கம் ஒரு ஐயா காலமான பிறகு அந்த வீட்டார் எங்களுக்குத் தந்தது, அவர்களுக்கு அதற்கு முன் வேறு ஒரு வீட்டார் தந்ததாம். அதன் கைபிடியில் ஒவ்வொரு வீட்டாரும் சுற்றிய டேப் நிறம் நிறமாக இருக்கிறது, சிவப்புக்கு மேல் கறுப்பு, கறுப்புக்கு மேல் இப்போது எங்கள் நீலம். காலில் தேய்ந்த றப்பர் நாலையும் புதிதாக மாற்றிவிட்டோம். தேவையான வீட்டார் யாரும் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு கீசு ஒன்றும் வேண்டாம். இரவானாலும் பரவாயில்லை, நாய் குரைக்கும், கடிக்காது.